அந்த வரி எந்தப் புத்தகத்துல இருக்கு?

செமஸ்டர் ரிசல்ட் வந்த அன்னைக்கு ராத்திரி யாரோட வாட்ஸ்அப் ஸ்டேட்டஸைத் திறந்தாலும் ரூமி இருப்பார். பிரேக்கப் ஆனாலும் ரூமி, ப்ளேஸ்மென்ட்ல கடைசி ரவுண்டு வரைக்கும் போய்த் திரும்பினாலும் ரூமி. கறுப்புப் பின்னணி, வெள்ளை எழுத்து, ஓரத்துல தனியா நிக்கிற ஒரு மரம், கீழே ஒரு கோடு போட்டு அவர் பேரு. நம்ம காலேஜ்ல பாரதியாருக்கு அடுத்தபடியா அதிகமா ஷேர் ஆகுற கவிஞர் யாருன்னு கணக்கெடுத்தா, 13ஆம் நூற்றாண்டுல பாரசீகத்துல எழுதின இந்த மனுஷன்தான் வருவார்னு நினைக்கிறேன்.

சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தானே? எனக்கு அப்படித் தோணலை. நாம ஷேர் பண்றதுல பாதிக்கு மேல எந்தப் புத்தகம், எந்தப் பாட்டுன்னு யாருக்கும் தெரியாது. ரூமியை நாம படிக்கிறதில்லை, அவர் பேரைக் கடன் வாங்குறோம். ரூமி மட்டும் இல்லை. ஹாஃபிஸ், உமர் கய்யாம்னு அந்த வரிசை முழுக்க இதே கதை.

முதல்ல ரூமி. 1207ல, இன்னைக்கு ஆப்கானிஸ்தான்ல இருக்கிற பல்க் பகுதியில பிறந்தவர். குடும்பம் மேற்கு நோக்கி நகர்ந்து, கடைசியா இன்னைக்குத் துருக்கியில இருக்கிற கொன்யாவுல குடியேறியது. அப்பா மதபோதகர். ரூமியும் இஸ்லாமியச் சட்டமும் மார்க்கமும் கற்பிச்ச ஆசிரியர். 1244ல ஷம்ஸ் என்கிற ஊர் சுத்தும் ஞானி வந்து அவர் வாழ்க்கையைப் புரட்டிப் போட்டார். அதுக்கப்புறம் வந்தவைதான் ஷம்ஸ் பேரிலேயே இருக்கிற பெரிய கவிதைத் தொகுப்பும், ஆறு புத்தகங்களா, சுமார் 25,000 ஈரடிகள்ல இருக்கிற மஸ்னவியும்.

அந்த 25,000ல எத்தனை நம்ம ஸ்டேட்டஸுக்கு வந்திருக்கும்? சொல்லப் போனா, வந்தது பெரும்பாலும் கோல்மன் பார்க்ஸ் என்கிற அமெரிக்கக் கவிஞரோட வரிகள். அவர் 1995ல வெளியிட்ட புத்தகம்தான் ரூமியை உலகச் சந்தைக்குக் கொண்டுபோச்சு. அவருக்குப் பாரசீகம் தெரியாது. இதை அவர் ஒளிக்கவும் இல்லை. நிக்கல்சன் மாதிரி அறிஞர்கள் செஞ்ச பழைய ஆங்கில மொழிபெயர்ப்புகளை எடுத்து, சுதந்திரமான புதுக்கவிதையா மாத்தி எழுதினார். அப்படி மாத்தினப்போ குர்ஆன் போச்சு, நபிகளைப் பத்தின பேச்சு போச்சு, வாதமும் கதையும் போச்சு. எல்லாருக்கும் பிரபலமான அந்த "வயல்" கவிதையையே எடுத்துக்குங்க. பாரசீக மூலத்துல இருக்கிற ரெண்டு முக்கியமான சொற்கள் "குஃப்ர்", "இஸ்லாம்": இறைமறுப்பும் இறைநம்பிக்கையும். ஆங்கிலத்துல அது சரியான செயல், தவறான செயல்னு ஆயிடுச்சு. ஒரு மார்க்க அறிஞர், தன் மார்க்கத்தோட எல்லைக் கோட்டுலயே நின்னு பேசினது எவ்வளவு துணிச்சல்! அதை யாரும் சங்கடப்படாம காபி கப்புல அச்சடிக்கிற மாதிரி ஆக்கிட்டாங்க.

நிஜமான மஸ்னவி எப்படி இருக்கும்? முதல் புத்தகத்துல ஒரு சிங்கம், ஒரு முயல், ஒரு கிணறு வருது. ஆமாம், நாம ஒண்ணாங்கிளாஸ்ல படிச்ச அதே கதைதான். பஞ்சதந்திரம் பாரசீகத்துக்கும் அரபுக்கும் போய் "கலீலா வ திம்னா" ஆகி, அங்கேருந்து ரூமி கைக்கு வந்தது. ஆனா ரூமி அதை நம்ம பாட்டி மாதிரி நேரா சொல்லி முடிக்க மாட்டார். முயல் கிளம்புறதுக்கு முன்னாடி சிங்கத்துக்கும் மத்த மிருகங்களுக்கும் பக்கம் பக்கமா ஒரு விவாதம் நடக்குது. "நீ வேட்டையாட வேண்டாம், இறைவன் விதிச்சது உன்னைத் தேடி வரும், அவனை நம்பி உட்காரு"ங்கிறது மிருகங்களோட கட்சி. "கை கால் கொடுத்திருக்கிறதே முயற்சி பண்ணத்தான்"னு சிங்கம் வாதாடுது. ரெண்டு பக்கமும் விடாம எடுத்துக்காட்டு சொல்றாங்க. விவாதத்துல ஜெயிக்கிறது சிங்கம். அப்புறம் அதே சிங்கம் ஒரு முயல்கிட்ட ஏமாந்து, கிணத்துல தன் நிழலையே எதிரின்னு நினைச்சுக் குதிச்சுச் சாகுது. வாதத்துல ஜெயிச்சவன் வாழ்க்கையில தோத்துட்டான். அப்போ யார் சொன்னது சரி? ரூமி உடனே பதில் சொல்ல மாட்டார், வேற கதைக்குத் தாவிடுவார். ப்ளேஸ்மென்ட் சீசன்ல "உழைச்சா போதும்"னு ஒரு கட்சியும் "எல்லாம் லக்குடா"னு ஒரு கட்சியும் ஹாஸ்டல்ல விடிய விடிய அடிச்சுக்குதே, அவங்க படிக்க வேண்டிய பகுதி இது. ஒரே வரியில இதை ஸ்டேட்டஸ் வைக்க முடியாது. அதுதான் விஷயமே.

இன்னொண்ணு. மஸ்னவியில படு பச்சையான கதைகளும் உண்டு. 1925க்கும் 1940க்கும் நடுவுல முழுசையும் மொழிபெயர்த்த நிக்கல்சன், அந்த இடங்கள் வந்ததும் ஆங்கிலத்தை விட்டுட்டு லத்தீன்ல எழுதிட்டார். படிச்ச ஆம்பளைங்களுக்கு மட்டும் புரிஞ்சா போதும்னு! அந்த ரூமியை எந்த ஸ்டேட்டஸ்லயாவது பார்த்திருக்கீங்களா?

ஹாஃபிஸ் விஷயம் இன்னும் மோசம். ரூமிகிட்ட மூலத்தைச் சுருக்கினாங்க, ஹாஃபிஸ்கிட்ட மூலமே இல்லை. சூரியன் பூமியைப் பார்த்துச் சொல்ற மாதிரி, கடவுள் சிரிக்கிற மாதிரி எல்லாம் இணையத்துல சுத்துற "ஹாஃபிஸ்" வரிகள்ல ரொம்பப் பிரபலமானவை, டேனியல் லடின்ஸ்கி என்கிற அமெரிக்கர் 1999ல வெளியிட்ட "தி கிஃப்ட்" புத்தகத்திலிருந்து வந்தவை. அதுக்கு இணையான பாரசீகக் கவிதை எதையும் யாராலயும் காட்ட முடியலை. ஹாஃபிஸ் தன் கனவுல வந்ததா அவர் எழுதியிருக்கார். கனவுல யார் வேணும்னாலும் வரலாம், அது அவரவர் இஷ்டம். ஆனா அட்டையில 14ஆம் நூற்றாண்டுக் கவிஞர் பேரைப் போடலாமா? 2009ல கனடாவோட ஒன்டாரியோ மாகாண முதல்வர், நவ்ரூஸ் விழாவுல ஈரானியர்கள் முன்னாடியே இந்தப் புத்தகத்துலேருந்து ஹாஃபிஸ்னு சொல்லிப் படிச்சார். திருவள்ளுவர் பேர்ல திருக்குறள்ல இல்லாத ஒண்ணை நம்ம முன்னாடியே ஒருத்தர் படிச்சா எப்படி இருக்கும்?

நிஜ ஹாஃபிஸ் ஷிராஸ் நகரத்துக்காரர், 1390 வாக்குல இறந்தவர். ஹாஃபிஸ்னா குர்ஆனை மனப்பாடமா அறிஞ்சவர்னு அர்த்தம். அவர் தொகுப்புல எத்தனை கஜல் அவருடையதுன்னு ஈரான் அறிஞர்கள் வாழ்நாள் முழுக்கச் சண்டை போட்டிருக்காங்க. கஸ்வீனியும் கனியும் சேர்ந்து கொண்டுவந்த பதிப்புல 495, கான்லரி பதிப்புல 486. ஒன்பது கஜல் வித்தியாசம்! அவங்க ஒவ்வொரு ஏட்டுப் பிரதியையும் வரிவரியா ஒப்பிட்டு இப்படி நுணுக்கமா நிக்கிறாங்க. நாம இங்க கூகுள் இமேஜ்ல வந்ததை அப்படியே தள்ளி விடுறோம்.

இவரைப் பத்தி ஒரு சின்ன மொழிச் சமாச்சாரம். பாரசீகத்துல அவன், அவள் வித்தியாசம் கிடையாது; ரெண்டுக்கும் ஒரே சொல். அதனால ஹாஃபிஸோட காதலுக்குரியவர் ஆணா, பெண்ணா, அரசனா, கடவுளாங்கிறது திறந்தே இருக்கும். ஆங்கிலத்துல மொழிபெயர்க்கிறவன் அங்கேயே ஒரு முடிவு எடுத்தாகணும். தமிழ்லயும் அதே தலைவலிதான். "அவர்"னு போட்டுத் தப்பிக்கலாம். ஆனா காதலியை "அவர்"னு சொன்னா மாமனார் வீட்டு மரியாதை வந்துடும். இப்படி ஒரு சிக்கல் இருக்குங்கிறதாவது நமக்குத் தெரிய வேண்டாமா?

"வரி நல்லா இருந்தா போதும் ப்ரோ, யார் எழுதினா என்ன?" இதைத்தான் எல்லாரும் கேப்பாங்க. நியாயமான கேள்வி. யார் எழுதினாலும் ஒண்ணுன்னா, அந்தப் பேரை எடுத்துட்டுப் போடுங்களேன். போட மாட்டீங்க. ஏன்னா பேரை எடுத்தா அது சாதாரண ஆறுதல் வார்த்தை. பேரு இருக்கிறதாலதான் எண்ணூறு வருஷத்து ஞானம் மாதிரி தெரியுது. அந்த எடையை எங்கேருந்து எடுத்தீங்களோ, அங்கே திருப்பித் தரணும்ல? ப்ராஜெக்ட் ரிப்போர்ட்ல அடுத்தவன் கோடை எடுத்து நம்ம பேரு போட்டா அது திருட்டு. நம்ம கோடை எழுதி அடுத்தவன் பேரு போட்டா அது மோசடி. ரெண்டாவதுதான் இங்க நடக்குது.

இந்த விஷயத்துல நமக்கு நல்ல பாடம் சொல்லக்கூடியவர், யாரும் ஸ்டேட்டஸ் வைக்காத ஒருத்தர்: ஃபிர்தௌசி. ஈரானோட பழைய மன்னர்கள் கதை முழுக்கச் சொல்ற ஷாநாமாவை முப்பது வருஷத்துக்கு மேல உட்கார்ந்து எழுதி 1010ல முடிச்சார். சுமார் 50,000 ஈரடிகள். அவர் ஆரம்பிச்சப்போ ஆண்டது சாமானியர்கள், பாரசீகத்தை ஆதரிச்ச வம்சம். வேலை பாதியில இருக்கும்போதே அந்த ஆட்சி கவிழ்ந்து, கஜினி முகமது கைக்குப் பிரதேசம் போயிடுச்சு. ப்ராஜெக்ட் நடுவுல கிளையன்ட் மாறினா என்ன ஆகும்னு நமக்குத் தெரியும். தங்கம் எதிர்பார்த்த இடத்துல வெள்ளி வந்ததாகவும், அதைக் குளியலறைப் பணியாளுக்கும் பானம் விக்கிறவனுக்கும் பிரிச்சுக் கொடுத்துட்டதாகவும், கடைசியில சுல்தான் மனசு மாறி அனுப்பின ஒட்டகங்கள் ஒரு வாசல் வழியா ஊருக்குள்ள வந்தப்போ இன்னொரு வாசல் வழியா அவர் பாடை வெளியே போனதாகவும் ஒரு கதை உண்டு. நிஜாமி அரூஸி, நூறு வருஷத்துக்கும் மேல கழிச்சு எழுதி வெச்சது. வரலாறுன்னு சத்தியம் பண்ண முடியாது, ஆனா நல்ல கதை.

எனக்கு அதைவிடப் பெரிசாத் தெரியுறது வேற. ஃபிர்தௌசிக்கு முன்னாடி தகீகின்னு ஒரு இளம் கவிஞர் இதே வேலையை ஆரம்பிச்சு, சுமார் ஆயிரம் ஈரடி எழுதின நிலையில தன் அடிமை ஒருத்தனாலேயே கொல்லப்பட்டார். அந்த ஆயிரத்தையும் ஃபிர்தௌசி தன் நூலுக்குள்ள சேர்த்துக்கிட்டார். எப்படி? "இங்கேருந்து தகீகி"ன்னு சொல்லி ஆரம்பிச்சு, முடிஞ்ச இடத்துல "இதுவரை அவர்"னு சொல்லிட்டு. போதாக்குறைக்கு, அந்த வரிகள் அவ்வளவு சுகமில்லைன்னு விமர்சனமும் வெச்சிருக்கார். சேர்த்துக்கிட்டு, பேரையும் கொடுத்து, திட்டவும் செஞ்சிருக்கார்! செத்தவர் எழுதினதைத் தன்னுதுன்னு சொல்லியிருந்தா அன்னைக்கு யார் கேட்டிருப்பா? அச்சு இல்லை, இணையம் இல்லை. ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி ஒருத்தர் கிட்ஹப்ல கமிட் ஹிஸ்டரி வைக்கிற மாதிரி வெச்சிருக்கார்.

(ஃபிர்தௌசி ஒரு அரபுச் சொல்கூட இல்லாம எழுதினார்னு நம்ம தனித்தமிழ் நண்பர்கள் சில பேர் சொல்வாங்க. குறைவாப் பயன்படுத்தினார்ங்கிறதுதான் சரி. அறவே இல்லைன்னு சொல்றது மிகை.)

இனி நம்ம ஆளு. ஒவ்வொரு சிம்போசியம்லயும் யாராவது ஒரு சீஃப் கெஸ்ட் "உமர் கய்யாம் கவிஞர் மட்டுமல்ல, கணித மேதையும்கூட"ன்னு சொல்லாம இறங்க மாட்டார். உண்மை தலைகீழ். நிஷாபூர்ல 1048ல பிறந்து 1131ல இறந்த கய்யாம், அவர் காலத்துல கணிதராகவும் வானியலாளராகவும்தான் பேர் வாங்கியிருந்தார். மேல சொன்ன அதே நிஜாமி அரூஸி, கய்யாமை நேர்ல பார்த்தவர். அவரோட "நான்கு உரைகள்" நூல்ல கவிஞர்களுக்குன்னு தனி அத்தியாயமே இருக்கு. அதுல கய்யாம் இல்லை! சோதிடர்கள், வானியலாளர்கள் அத்தியாயத்துலதான் வர்றார்.

அவர் கணக்கை ஒரு தடவை போட்டுப் பாருங்க. ஒரு எண்ணோட கனம், கூடவே அதே எண்ணின் 4 மடங்கு, ரெண்டும் சேர்ந்தா 16. எண் என்ன? விடை 2ன்னு கண்ணாலயே தெரியும். கய்யாம் வழி இது: ஆதிப்புள்ளியில உச்சி இருக்கிற மாதிரி ஒரு பரவளையம் வரையுங்க. அதுல கிடைத்தூரத்தோட வர்க்கம், உயரத்தின் ரெண்டு மடங்குக்குச் சமம். அதே ஆதிப்புள்ளி வழியாப் போற, மையம் கிடை அச்சுல இருக்கிற, விட்டம் 4 உள்ள ஒரு வட்டம் வரையுங்க. ரெண்டும் இன்னொரு இடத்துல வெட்டிக்கும். அந்தப் புள்ளியோட கிடைத்தூரம்தான் விடை. டெஸ்மாஸ்ல போட்டா முப்பது செகண்டுல வந்துடும். இதை அவர் குறியீடே இல்லாம, நான் இப்ப எழுதின மாதிரி வெறும் வார்த்தையில எழுதினார். முப்படிச் சமன்பாடுகளை 14 வகையாப் பிரிச்சு ஒவ்வொண்ணுக்கும் இப்படி வளைவுகள் கண்டுபிடிச்சார். எண்கணித வழியில பொதுவான தீர்வு தன்னால முடியலை, பின்னாடி வர்றவங்க யாராவது கண்டுபிடிக்கலாம்னும் எழுதி வெச்சார். கண்டுபிடிச்சாங்க. இத்தாலியில, 16ஆம் நூற்றாண்டுல.

இஸ்ஃபஹான்ல மலிக் ஷா அமைச்ச வானியல் குழுவுல இருந்து 1079ல ஜலாலி நாட்காட்டியை உருவாக்கினதுல அவர் முக்கியமானவர். சூரியன் மேஷத்துல நுழையிற கணத்துலேருந்து வருஷத்தைத் தொடங்குற முறை. இன்னைக்கு ஈரான் பயன்படுத்துறது அந்த வழியில வந்த நாட்காட்டிதான். 33 வருஷத்துக்கு 8 லீப் வருஷம்னு ஒரு சுழற்சியை அவர் பேரோட சேர்த்துச் சொல்வாங்க. கால்குலேட்டர்ல 8ஐ 33ஆல வகுத்துப் பாருங்க. நம்ம சுவர்ல தொங்குற கிரிகோரியன் நாட்காட்டியோட 0.2425க்கு எவ்வளவு பக்கத்துல வருதுன்னு தெரியும். 1092ல மலிக் ஷாவும் அவரோட அமைச்சர் நிஜாமுல் முல்க்கும் ஒரே வருஷத்துல போயிட, ஆய்வகத்துக்கு நிதி நின்னுது. ஃபண்டிங் பிரச்சனை நம்ம லேபுக்கு மட்டும் வரலை.

அப்போ அந்த மதுக்கிண்ணக் கவிதைகள்? ஆயிரத்துக்கும் மேல நாலடிகள் அவர் பேர்ல இருக்கு. பெரும்பாலானவை பிறகு வந்தவங்க எழுதி அவர் தலையில கட்டினவை. ஈரான்ல ஃபரூகி சலிச்சு எடுத்த பதிப்புல மிஞ்சினது 178, சாதிக் ஹெதாயத் எடுத்தது 143. அதுலயும் எத்தனை நிஜம்னு சர்ச்சை தீரலை. 1859ல ஃபிட்ஸ்ஜெரால்டு என்கிற ஆங்கிலேயர் 75 பாட்டு கொண்ட சின்ன நூலை, தன் பேரைக்கூடப் போடாம வெளியிட்டார். விக்காம, கடை வாசல்ல ஒரு பென்னி பெட்டிக்கு வந்துடுச்சு. பிறகு கவிஞர் ரொசெட்டி கண்ணுல பட்டு உலகமே கொண்டாடினது தனிக்கதை. ஃபிட்ஸ்ஜெரால்டு ரெண்டு மூணு பாட்டைச் சேர்த்து ஒண்ணாக்கினார், இல்லாத வரிசையை உண்டாக்கினார். ஆனா அவருக்குப் பாரசீகம் தெரியும். ஏட்டுப் பிரதியை வெச்சு வேலை பார்த்தார். இது எனக்கு உடன்பாடு. இழப்பு இல்லாத மொழிபெயர்ப்பு இல்லை. மூலத்தோட மல்லுக்கட்டித் தோக்குறது ஒண்ணு, மூலத்துப் பக்கமே போகாம பேரை மட்டும் ஒட்டுறது வேற.

தமிழ்ல கய்யாமைக் கொண்டுவந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையும் ஃபிட்ஸ்ஜெரால்டு வழியாத்தான் வந்தார். அந்தப் பாட்டுகளை நான் கவிமணி பாட்டாகவே ரசிக்கிறேன், அதுல ஒரு குறையும் இல்லை. ஆனா கவிமணிக்கு அப்புறமும் நாம இன்னும் இங்கிலீஷ் ஜன்னல் வழியாத்தான் எட்டிப் பார்த்துக்கிட்டிருக்கோமே, அதுதான் எரிச்சல்.

சாதியை ரெண்டு வரியில விடுறது பாவம்தான், என்ன செய்ய. 1258ல குலிஸ்தான் எழுதினார். அதே வருஷம் மங்கோலியர்கள் பாக்தாத்தை அழிச்சாங்க, அதுக்கு இரங்கற்பாவும் எழுதினார். இந்தியாவுல பாரசீகம் கத்துக்கிட்ட பல தலைமுறைக்கு குலிஸ்தான்தான் பாடப்புத்தகம்.

இந்த மொழி நமக்கு அவ்வளவு தூரமும் இல்லை. ஆற்காடு நவாப் தர்பார்ல பாரசீகம் எழுதினாங்க, கவிதையும் எழுதினாங்க. டெல்லிக் கவிஞர் அமீர் குஸ்ரௌ, மாலிக் காஃபூர் 1311ல மதுரைப் பக்கம் வந்த படையெடுப்பைப் பாரசீகத்துலதான் எழுதி வெச்சார். அதைவிடுங்க. நீங்க தினமும் பேசுற "தோஸ்து", "உஷார்", "கம்மி", "ஜோரு", "பேஜாரு" எல்லாம் பாரசீகத்துலேருந்து வந்தவை. "ரொம்ப பேஜாரா இருக்கு தோஸ்து"ன்னு கேன்டீன்ல ஒருத்தன் சொன்னா, ஹாஃபிஸுக்குப் பாதி புரியும்.

அதனால நான் கேக்குறது ரெண்டே ரெண்டு. இலக்கிய மன்றத்துல ஜாவா, பைத்தான் கத்துக்கிற பொறுமையில பாதியைப் பாரசீக எழுத்துக்குக் கொடுக்க ஒரு நாலு பேர் வேணும். சென்னைப் பல்கலைக்கழகத்துல அரபு, பாரசீகம், உருது துறை ரொம்ப காலமா இருக்கு, போய்க் கேக்கலாம். "கஞ்சூர்" இணையதளத்துல இந்தக் கவிஞர்கள் எல்லாரோட மூலமும் இலவசமாக் கிடைக்குது. முதல் வேலையா அந்தச் சிங்கம் முயல் விவாதத்தைத் தமிழ்ல கொண்டுவருவோம், தப்பாவே வந்தாலும் பரவாயில்லை.

இன்னொண்ணு நம்ம ஆசிரியர் குழுவுக்கு. அடுத்த இதழ்லேருந்து மேற்கோள் அனுப்புறவங்ககிட்ட புத்தகம் பேரு, பாட்டு எண், மொழிபெயர்த்தவர் பேரு மூணும் கேளுங்க. மஸ்னவின்னா ஆறுல எந்தப் புத்தகம், எத்தனாவது ஈரடின்னு சொல்லச் சொல்லுங்க. சொல்ல முடியலைன்னா, கீழே அனுப்பினவர் பேரு, வருஷம், டிபார்ட்மென்ட் போட்டு வெளியிடுங்க.